குழந்தைக்கு மூச்சு வாங்குகிறதா? சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள்

கேள்வி இது. பென்னாகரம் பக்கத்துக் கிராமம். அப்பா பெங்களூரில் கட்டட வேலை, மாதம் இரண்டு முறை ஊருக்கு வருகிறவர். ஏழு மாத மகன் மூன்று முறை மூச்சுத் திணறலுக்காக அட்மிட் ஆகிவிட்டான். ஒரு டாக்டர் வீசிங் என்கிறார். இன்னொருவர் நெஞ்சில் ஒரு சத்தம் கேட்கிறது, ஹார்ட் எக்கோ எடுங்கள் என்கிறார். பாட்டியோ இது கணை, தொண்டையில் விரல் விட்டுத் தொக்கம் எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார். மூத்தவளுக்கு ஆறு வயது. அவளுக்கும் பனிக்காலம் வந்தால் இளைப்பு. டாக்டர் பம்பு, அதாவது இன்ஹேலர் கொடுத்தார், பழகிவிடும் என்று பயந்து நிறுத்திவிட்டார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

தம்பி, எக்கோவைத் தள்ளிப்போடாதீர்கள். வலியில்லாத ஸ்கேன்தான் அது. கர்ப்பத்தில் வயிற்றில் ஜெல் தடவிப் பார்த்தார்களே, அதையே குழந்தையின் நெஞ்சில் செய்வார்கள். ஏழு மாதத்துக்குள் மூன்று முறை அட்மிட் ஆனதே அதை எடுக்கப் போதுமான காரணம். வீசிங் என்று சொன்ன டாக்டர் தப்பாகச் சொன்னார் என்றும் ஆகாது. இதயத்தில் ஓட்டை உள்ள குழந்தைக்கு நுரையீரலுக்குள் ரத்தம் அளவுக்கு மீறிப் பாய்வதால் வீசிங் மாதிரியே சத்தம் வரும். பாட்டி கணை என்று சொல்வதும் இந்த இளைப்பைத்தான். ஒரே மூச்சைப் பார்த்து மூன்று பேரும் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எக்கோ ஒரு நாள் வேலை. அதற்கு முன்னும் பின்னும் வீட்டில் இருக்கிற உங்கள் மனைவிக்கும் அம்மாவுக்கும் தெரிய வேண்டியது வேறு. ராத்திரி பதினோரு மணிக்கு, கடைசி பஸ்ஸும் போன பிறகு, இந்த மூச்சு விடியும்வரை பொறுக்குமா, இப்போதே 108-ஐக் கூப்பிட வேண்டுமா? அதைத் தீர்மானிக்க ஸ்டெதஸ்கோப் வேண்டாம். நல்ல வெளிச்சம், செல்போனில் டைமர், கழற்றிய சட்டை, இவை போதும்.

என்னிடம் வரும் அம்மாக்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, "நெஞ்செல்லாம் சளி சார், கர்ர் கர்ர்னு சத்தம்" என்பது. அந்தச் சத்தம் பல நேரம் மூக்கிலும் தொண்டையிலும் இருந்து வருவது. முதுகில் கை வைத்தால் அதிர்வுகூடத் தெரியும். ஆனால் குழந்தை சிரிக்கும், பால் குடிக்கும், காலை உதைத்து விளையாடும். எனக்கு அதில் பெரிய பயம் கிடையாது. சத்தமே போடாமல், சோர்ந்துபோய், வேக வேகமாக மூச்சு விடுகிற குழந்தையைப் பார்த்தால்தான் பயம்.

எண்ணுவது இப்படி. குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும் நேரம் பாருங்கள். தூங்கும்போது என்றால் இன்னும் நல்லது. மடியில் படுக்கவைத்து, சட்டையை முழுக்கக் கழற்றி, வயிறும் நெஞ்சும் சேரும் இடத்தைப் பாருங்கள். ஒரு முறை மேலே ஏறி இறங்கினால் ஒன்று. முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்காதீர்கள், குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது மேல், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது மேல் என்றால் அது வேக மூச்சு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது. காய்ச்சல் அடிக்கும்போது எண்ணிக்கை கொஞ்சம் கூடும். பாராசிட்டமால் கொடுத்து, சூடு இறங்கியதும் இன்னொரு முறை எண்ணலாம். அதற்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். சிசு இரண்டு மாதத்துக்கு உட்பட்டது என்றால் காத்திருக்கவே வேண்டாம்.

எண்ணி முடித்ததும் விலா எலும்பு முடியும் இடத்தைப் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சு விரிய வேண்டும். விரியாமல் அந்த இடம் உள்ளே குழி விழுந்தால் குழந்தை மூச்சுக்காகப் போராடுகிறது என்று அர்த்தம். மூக்குத் துளை விடைப்பது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, தலை ஆடுவது எல்லாமே அந்தப் போராட்டம்தான். இதில் எதைப் பார்த்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. உதடும் நாக்கும் நீலம் பாய்ந்தாலோ, பால் குடிக்கவே முடியாமல் போனாலோ, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலோ, ஃபிட்ஸ் வந்தாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, அமைதியாக இருக்கும்போதே மூச்சை உள்ளிழுக்கையில் கீச்சென்று சத்தம் வந்தாலோ 108தான், யோசனையே வேண்டாம். கொரோனா காலத்தில் வாங்கி வைத்த ஆக்ஸிமீட்டரைக் குழந்தை விரலில் மாட்டி 98 காட்டுகிறது என்று நிம்மதி அடையாதீர்கள். பெரியவர்களுக்கான கிளிப் அந்தப் பிஞ்சு விரலில் சரியாக உட்காராது.

அடுத்து, என்ன நோய் என்பது. இரண்டு வயதுக்குள் மூக்கொழுகலில் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் இரைப்பாக மாறுவது பெரும்பாலும் பிராங்கியோலைட்டிஸ், அதாவது சின்ன மூச்சுக்குழாய்களின் அழற்சி. வைரஸ் வேலை. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை மோசமாகி, பிறகு தானாக இறங்கும். இதற்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. ஆக்ஸிஜனும் பாலும்தான் சிகிச்சை. காய்ச்சலோடு வேக மூச்சு என்றால் நிமோனியாவா என்று பார்ப்போம். அதற்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும், டாக்டர் சொன்ன நாள்வரை முழுதாகக் கொடுக்க வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசிகள் விடுபடாமல் போட்டிருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். நிமோனியாவுக்கு எதிரான நிமோகாக்கல் ஊசி 2021 முதல் தமிழ்நாட்டில் அரசுத் திட்டத்திலேயே இலவசம். ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். விடுபட்டிருந்தால் உங்கள் கிராம செவிலியரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

நம் ஊரில் இன்னொரு வார்த்தை உண்டு: பிரைமரி காம்ப்ளெக்ஸ், அதாவது குழந்தைகளுக்கு வரும் காசநோய். அடிக்கடி சளி பிடிக்கிறது, சாப்பிட மாட்டேன் என்கிறது, ஒரு ரத்தப் பரிசோதனை, உடனே ஆறு மாதம் மாத்திரை. சாதாரண இளைப்புக்கு இந்தப் பட்டம் கட்டி வந்த குழந்தைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காசநோய் குழந்தைகளுக்கு வராது என்று சொல்லவில்லை. வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்து, குழந்தைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தால் கண்டிப்பாகச் சோதிக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் சளியையோ இரைப்பையில் உள்ள நீரையோ எடுத்து மரபணுச் சோதனை இலவசமாகவே செய்கிறார்கள். ரத்தப் பரிசோதனை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வரக் கூடாது.

வீட்டு வைத்தியம். மூக்கடைப்புக்கு உப்புநீர் சொட்டு மருந்து, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தாய்ப்பால், இவ்வளவுதான். ஒரு வயதுக்கு மேல் என்றால் இருமலுக்கு ஒரு ஸ்பூன் தேன் தரலாம், அதற்குள் தேன் கூடவே கூடாது. இருமல் சிரப்பை விட்டுவிடுங்கள். 2025-இல் மத்தியப் பிரதேசம் சிந்துவாராவில் இருமல் மருந்து குடித்து எத்தனை குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன என்பது செய்தியில் வந்ததே. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்த அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. இரண்டு வயதுக்குள் சளி, இருமல் மருந்தே எழுதக் கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாக வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. நச்சு கலக்காத சிரப்பும் இந்த வயதில் பெரிய பலன் ஒன்றும் தருவதில்லை.

குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை, மூக்கிலும் காதிலும் எண்ணெய், கர்ப்பூரம் கலந்த தைலம். இந்த மூன்றையும் இந்த வீட்டில் நிறுத்தியே ஆக வேண்டும். புகை ஏற்கெனவே சுருங்கியிருக்கும் மூச்சுக்குழாயை இன்னும் சுருக்கும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலில் இறங்கி அதுவே ஒரு நிமோனியா ஆகும். கர்ப்பூரம் உள்ளே போனால் ஃபிட்ஸ் வரும். தொக்கம் எடுப்பதைப் பற்றி உங்கள் அம்மாவிடம் சண்டை போடாதீர்கள், அவர் பயத்தில் சொல்கிறார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மூச்சு இரைக்கிற குழந்தை தொண்டையில் விரலை விட்டால் வாந்தி வரும்மா, அந்த வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கிடும்." என் அனுபவத்தில் பாட்டிகளுக்கு இது சட்டென்று புரிகிறது. மந்திரித்துக் கயிறு கட்டுவதா, கட்டிக்கொள்ளட்டும். கயிறு கழுத்தை இறுக்காமல் இருந்தால் போதும். சூடு வைக்கிறேன் என்று யாராவது வந்தால் மட்டும் கதவைச் சாத்துங்கள்.

இனி இதயம். இதற்கும் கண்தான் கருவி. ஆனால் பார்க்க வேண்டிய நேரம் வேறு, குழந்தை பால் குடிக்கும் நேரம். சிசுவுக்குப் பால் குடிப்பது நாம் மலை ஏறுவது மாதிரி. இதயம் சரியாக இருக்கிற குழந்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தூங்கும். இதயக் கோளாறு உள்ள குழந்தை நாலு வாய் உறிஞ்சும், விட்டுவிட்டு மூச்சு வாங்கும், மறுபடி உறிஞ்சும், களைத்துத் தூங்கும், கால் மணி நேரத்தில் பசியோடு எழுந்து அழும். நெற்றியில் முத்து முத்தாக வியர்க்கும். மார்கழிக் குளிரில், ஃபேன்கூட இல்லாமல், பால் குடிக்கும் குழந்தையின் தலை நனைந்திருந்தால் அதை உஷ்ணம் என்று விட்டுவிடாதீர்கள். அங்கன்வாடி எடை அட்டையில் கோடு மேலே போகாமல் படுத்துக் கிடக்கும். சளி, காய்ச்சல் ஒன்றும் இல்லாத நாளிலும் மூச்சு வேகமாகவே இருக்கும். நான் சொன்ன ஒரு நிமிடக் கணக்கைக் குழந்தை நன்றாக இருக்கிற நாளிலும் தூக்கத்தில் ஒருமுறை எடுத்துவைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

"பிறந்தப்ப நல்லாத்தானே இருந்தான், ஆஸ்பத்திரியில ஒண்ணும் சொல்லலையே" என்று கோபப்படுவார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. பிறந்த புதிதில் நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுக்கமாக இருக்கும். இதயச் சுவரில் பெரிய ஓட்டை இருந்தாலும் ரத்தம் அந்தப் பக்கம் அதிகம் பாயாது. வாரங்கள் போகப் போகக் குழாய்கள் தளரும். ஆறு எட்டு வாரத்தில் இடப்பக்க ரத்தம் ஓட்டை வழியே வலப்பக்கம் பாய்ந்து நுரையீரலை நிறைக்கும். அப்போதுதான் வியர்வை, இரைப்பு, அடிக்கடி நிமோனியா எல்லாம் ஆரம்பிக்கும். உங்கள் மகனின் முதல் அட்மிஷன் எந்த மாதம் என்று யோசித்துப் பாருங்கள்.

நெஞ்சில் சத்தம் என்றதும் பதற வேண்டாம். மர்மர் என்று நாங்கள் சொல்லும் அந்தச் சத்தம் எந்தக் கோளாறும் இல்லாத குழந்தைகளுக்கும் சாதாரணமாக இருக்கும். அதோடு, சின்ன ஓட்டைக்குத்தான் சத்தம் அதிகம். தோட்டத்தில் தண்ணீர் டியூப் வாயை விரலால் அழுத்தினால் சீறும். விரலை எடுத்தால் தண்ணீர் நிறைய வரும், சத்தம் குறையும். அதே கதைதான். கீழறைகளுக்கு நடுவே உள்ள சின்ன ஓட்டைகள் பல, வைத்தியமே இல்லாமல் தானாக மூடிக்கொள்ளும். பெரிய ஓட்டை என்றால் நீர் பிரிய மருந்து கொடுத்து, எடையைத் தேற்றி, பெரும்பாலும் ஒரு வயதுக்குள்ளேயே ஆபரேஷன் செய்வார்கள்.

இங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். "கொஞ்சம் வளரட்டும், தேறட்டும்" என்று இரண்டு மூன்று வருடம் தள்ளுவார்கள். குழந்தையும் தேறினது மாதிரியே தெரியும், இரைப்பு குறையும், எடை ஏறும். உள்ளே நடப்பது வேறு. இத்தனை நாள் ரத்த வெள்ளத்தைத் தாங்கிய நுரையீரல் குழாய்கள் தடித்து இறுகிவிட்டன, அதனால் பாய்ச்சல் குறைந்திருக்கிறது. அந்த நிலை முற்றிவிட்டால் பிறகு ஓட்டையை மூடவே முடியாது. ஒரு பையன், பாலக்கோடு பக்கம், ஒன்பது வயதில் பள்ளி முகாமிலிருந்து அனுப்பி வந்தான். விரல் நுனிகள் முரசுக்கோல் மாதிரி உருண்டு நீலமாக இருந்தன. கைக்குழந்தையில் எடுத்த எக்கோ ரிப்போர்ட்டை அவன் அம்மா பத்திரமாக மஞ்சள் பையில் வைத்திருந்தார். அதில் ஆபரேஷன் என்று தெளிவாக எழுதியிருந்தது. நான் அதைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன்.

நீலக் குழந்தைகள், அதாவது இதயக் குறையால் உடம்பு நீலம் பாயும் குழந்தைகள், தனி வகை. அழும்போதோ காலையில் எழுந்ததுமோ திடீரென்று கருநீலமாகி வேக வேகமாக மூச்சு வாங்கினால், குழந்தையைத் தோளில் சாய்த்து இரண்டு முழங்காலையும் நெஞ்சோடு சேர்த்து மடக்கிப் பிடித்துக்கொண்டு 108-இல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வழியில் அந்தப் பிடியை விட வேண்டாம்.

செலவைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் மனதில் அதுதான் இருக்கும். பிறவி இதயக் குறைகள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருகின்றன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, இவற்றோடு கலெக்டர் ஆபீஸில் கார்டு எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் பெங்களூரில் வேலை செய்தாலும் குடும்ப அட்டை இங்கேதானே இருக்கிறது. கார்டு வரட்டும் என்று எக்கோவை நிறுத்திவைக்காதீர்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள். பிறவிக் குறை உள்ள குழந்தைகளுக்கான மையம் அது. எங்கே அனுப்ப வேண்டும், எந்தத் திட்டத்தில் செய்யலாம் என்பதை அங்கே பார்த்துச் சொல்வார்கள். இந்த மையமும், அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வருகிற மருத்துவக் குழுவும் ஒரே திட்டம்தான். ஆர்.பி.எஸ்.கே. என்ற அந்தக் குழந்தைகள் நலத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் சத்ய சாயி மருத்துவமனை இதய ஆபரேஷனை இலவசமாகவே செய்கிறது.

யாராவது உங்கள் மனைவியைக் குறை சொன்னால் ஒன்று சொல்லிவைக்கிறேன். ஆயிரம் குழந்தை பிறந்தால் எட்டு ஒன்பது குழந்தைக்கு ஏதாவது ஓர் இதயக் குறை இருக்கும், உலகம் முழுக்க. கிரகணத்தில் வெளியே போனதாலோ பப்பாளி சாப்பிட்டதாலோ வருவதில்லை. சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல், அதுவும் இரண்டு பக்கத்துக்கும் பொதுதான். அடுத்த பிள்ளை என்று வந்தால் ஐந்தாம் மாதத்தில் வயிற்றிலேயே சிசுவுக்கு எக்கோ பார்க்கச் சொல்லுங்கள்.

மூத்த பெண்ணுக்கு வருவோம். பனிக்காலத்து இரவு இருமல், ஓடினால் இளைப்பு, பம்பு கொடுத்தால் குறைவது, இவை ஆஸ்துமாவின் அடையாளம். அந்த வார்த்தை பிடிக்காமல்தான் எல்லோரும் வீசிங் என்கிறோம். பம்பு பழகிவிடும் என்பது சுத்தமான பொய். மாத்திரையிலும் சிரப்பிலும் மருந்து மில்லிகிராம் கணக்கில் உடம்பு முழுக்கச் சுற்றும். பம்பில் மைக்ரோகிராம் கணக்குதான் (ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம்), அதுவும் நேராக மூச்சுக்குழாய்க்கே போகும். இரண்டு வகை பம்பு உண்டு. ஒன்று இளைப்பு வந்ததும் விரிக்கிற சால்பியூட்டமால். இன்னொன்று வராமல் தடுக்கிற ஸ்டீராய்டு. தினமும் எடுக்க வேண்டியது இதுதான், மக்கள் முதலில் நிறுத்துவதும் இதைத்தான். சால்பியூட்டமால் வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டால், அல்லது இரவில் இருமி எழுந்தால், தடுப்பு பம்பு வேண்டும்.

பம்பை நேராக வாயில் அடிக்கக் கூடாது. ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாயில் மாட்டி, நன்றாகக் குலுக்கி, ஒரு முறை அழுத்தி, குழந்தை ஐந்தாறு முறை சாதாரணமாக மூச்சு விடட்டும். அரை நிமிடம் கழித்து அடுத்தது. ஸ்டீராய்டு எடுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். ஸ்பேசரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் முக்கி அப்படியே காயவிடுங்கள். துணியால் துடைத்தால் மருந்து உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் புகை வைக்கிறார்களே, அந்த நெபுலைசருக்கு இது சமம். வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்க மூவாயிரம் செலவழிக்க வேண்டியதில்லை. திடீரென்று இளைப்பு வந்தால் எத்தனை அழுத்தம், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, எப்போது கிளம்ப வேண்டும் என்பதை டாக்டரிடம் தமிழில் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். விறகு அடுப்பு வீட்டுக்குள் இருந்தால் அந்த நேரம் பிள்ளைகள் வெளியே இருக்கட்டும். நீங்கள் பீடி குடிப்பவரா என்று தெரியாது. குடித்தால், வாசலில் நின்று குடித்தாலும் சட்டையோடு உள்ளே வரும்.

ஐந்து வயதைத் தாண்டிவிட்டாள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து போய், இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கி, அது குறைந்ததும் கணுக்கால், பிறகு மணிக்கட்டு என்று வலி தாவினால் அது வாதக் காய்ச்சல். மூட்டு வலி தானாகப் போய்விடும், இதய வால்வில் தழும்பு நின்றுவிடும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, பல வருடம். மலிவான ஊசிதான், ஆனால் வலிக்கும். அதனால் மெதுவாக விட்டுவிடுகிறார்கள். விட்டவர்கள் வால்வு ஆபரேஷனுக்குத்தான் திரும்ப வருகிறார்கள்.

இன்னொன்று, நம் தருமபுரி, கிருஷ்ணகிரிக்கே உரியது. புளி. தை, மாசி வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டுவார்கள், சுற்றிலும் கொட்டை. தவழ்கிற, நடக்கிற பிள்ளை ஒன்றை எடுத்து வாயில் போடும். ஒன்றே முக்கால் வயதுப் பெண் குழந்தை ஒன்று மூன்று வாரமாக இருமலுக்கு ஓரிடத்தில் மருந்து வாங்கிவிட்டு என்னிடம் வந்தது. ஒரு பக்க நெஞ்சில் மட்டும் காற்று குறைவு. "இருமல் எப்ப ஆரம்பிச்சுதுன்னு நாள் சொல்ல முடியுமா?" என்றேன். பாட்டி யோசிக்கவே இல்லை: "வெள்ளிக்கிழமை மத்தியானம், நான் கொட்டை எடுத்துட்டு இருந்தேன்." சளி இருமலுக்கு யாரும் இப்படி நாளும் நேரமும் சொல்ல முடியாது. சேலத்துக்கு அனுப்பினோம், உள்ளே குழாய் விட்டு ஊறிப் பருத்த புளியங்கொட்டையை எடுத்தார்கள். நிலக்கடலைக்கும் இதே கதைதான். கண்ணெதிரே அடைத்துக்கொண்டு மூச்சு விட முடியாமல் போனால் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போகும். ஒரு வயதுக்குள் என்றால் குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்வாக இருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. வராவிட்டால் மல்லாத்தி நெஞ்சின் நடுவே ஒரு உள்ளங்கை அடியால் ஐந்து அழுத்து. மாற்றி மாற்றி, 108 வரும்வரை. உங்கள் வீட்டிலும் புளி தட்டுகிறார்கள் என்றால் அந்த நேரம் சின்னவன் தொட்டிலில் இருக்கட்டும்.

எக்கோவுக்குப் போகும்போது மூன்று டிஸ்சார்ஜ் சம்மரியையும், எக்ஸ்ரேக்களையும், தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவன் பால் குடிக்கும்போதும் மூச்சு வாங்கும்போதும் சட்டையில்லாமல் ஒரு நிமிட வீடியோ எடுத்துப் போனில் வைத்திருங்கள், டாக்டருக்கு அது பத்து நிமிடப் பேச்சை மிச்சப்படுத்தும். குழந்தை அழுதால் எக்கோ சரியாகத் தெரியாது. அதனால் வழியில் தூங்க விடாமல் வந்து, அங்கே உங்கள் மனைவி மடியில் வைத்துப் பால் கொடுத்துத் தூங்கவைக்கட்டும். மயக்க மருந்து கொடுக்கப் போவதாகச் சொன்னால் மட்டும், எத்தனை மணி நேரத்துக்கு முன்பு பாலை நிறுத்த வேண்டும் என்று முந்தின நாளே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.